ராஜாளிக் கூடுகள்: போலந்தின் சொகூவ் உடற்பயிற்சிச் சங்கமா, படையா?

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். போலந்தின் ‘சொகூவ்’ உண்மையில் உடற்பயிற்சிச் சங்கம்தானா, அல்லது உடற்பயிற்சி என்ற போர்வையில் நடந்த ரகசியப் படையா என்பது ஒன்று. அந்த நாட்டுச் சாரணர் இயக்கமும் அதன் வயிற்றில் பிறந்தது என்கிறார்களே, உண்மையா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: உண்மை, அதுவும் ஒரு தண்டனையிலிருந்து பிறந்தது. முதல் கேள்விக்குத்தான் பொறுமை வேண்டும். அங்கே ‘ரகசியம்’ என்ற சொல்லே பொருந்தாது என்பது என் கருத்து. சொகூவ் தன் வேலையைப் பட்டப்பகலில், பதிவு செய்த சங்கமாக, சந்தா வசூலித்து, அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்தது. அதன் சாமர்த்தியம் முழுவதும் அதில்தான் அடங்கியிருந்தது.

முதலில் பெயர். போலிஷ் மொழியில் சொகூவ் என்றால் ராஜாளி. பெயரும் முறையும் செக் மக்களிடமிருந்து வந்தவை. 1862இல் பிராக் நகரில் மிரோஸ்லாவ் திர்ஷ், யிந்த்ரிஹ் ஃப்யூக்னர் என்ற இருவர் ‘சொகொல்’ சங்கத்தைத் தொடங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால் இருவருமே ஜெர்மன் பெயருடன் பிறந்து, பிறகு செக் பெயரைச் சூட்டிக்கொண்டவர்கள். அவர்கள் கையாண்ட வித்தையும் ஜெர்மனியிலிருந்து வந்ததுதான். நெப்போலியனிடம் தோற்று அவமானப்பட்டுக் கிடந்த பிரஷ்யாவில், 1811இல், பெர்லினை ஒட்டிய ஹாசன்ஹைடே திடலில் ஃப்ரீட்ரிஷ் லுட்விக் யான் என்பவர் இளைஞர்களைக் கூட்டிக் கம்பிகளில் தொங்கவும் தாண்டவும் பழக்கினார். உடம்பைத் தேற்றினால் நாடு தேறும் என்பது அவர் கணக்கு. ஜெர்மானியரிடம் செக் மக்கள் கற்றார்கள், செக் மக்களிடம் போலிஷ் மக்கள் கற்றார்கள். கடைசியில் அந்த வித்தை ஜெர்மன் ஆட்சிக்கு எதிராகவே திரும்பியது.

போலந்து அப்போது வரைபடத்தில் இல்லை. 1772, 1793, 1795 ஆகிய மூன்று தவணைகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகளும் அந்த நாட்டைப் பங்கு போட்டு விழுங்கியிருந்தன. 1863 ஜனவரியில் ரஷ்யப் பகுதியில் எழுந்த கிளர்ச்சி அடுத்த ஆண்டே நசுக்கப்பட்டது. தூக்கு, சொத்துப் பறிமுதல், சைபீரியா என்று ஒரு தலைமுறையே சூறையாடப்பட்டது. அதன் பிறகு வந்தவர்கள் துப்பாக்கியின் மேல் நம்பிக்கை இழந்து பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம், வாசகசாலை, கடன் வங்கி என்று கையில் அகப்படும் வேலைகளில் இறங்கினார்கள். சொகூவையும் அந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆஸ்திரியாவின் நிலைமை அதற்கு வழி விட்டது. 1866 போரில் பிரஷ்யாவிடம் தோற்ற வியன்னா, தன் குடிமக்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. கலீசியா மாகாணத்துப் போலிஷ் மக்களுக்கு மெல்ல மெல்லத் தன்னாட்சி கிடைத்தது. மாகாணத் தலைநகர் ல்வூஃப், அதாவது இன்றைய உக்ரைனின் லிவிவ். அங்கே கிளெமென்ஸ் ஷுகோதின்ஸ்கி, லுத்விக் கோல்தென்தால் என்ற இரண்டு மாணவர்கள் உடற்பயிற்சிச் சங்கம் வேண்டும் என்று முயற்சி எடுத்தார்கள். 1867 பிப்ரவரி 7 அன்று சங்கம் அமைந்தது. யூசெஃப் மில்லெரெட் என்ற மருத்துவர் முதல் தலைவரானார். ராஜாளிப் பெயர் இரண்டு ஆண்டு கழித்துத்தான் ஒட்டிக்கொண்டது. ஊருக்கு ஊர் கிளைகள் முளைத்த பிறகு, ல்வூஃப் சங்கத்தைத் ‘தாய்ச் சங்கம்’ என்று அழைத்தார்கள்.

முதல் பதினாறு, பதினேழு ஆண்டுகள் அது உள்ளூர்ச் சங்கமாகவே கிடந்தது என்பதைப் பலர் சொல்வதில்லை. தொடங்கிய அன்றே நாடு முழுவதும் தீப்பற்றியது போல எழுதும் விழா மலர்களை நம்ப வேண்டாம். 1884இல்தான் தார்னூஃப், ஸ்தானிஸ்வாவுஃப் போன்ற ஊர்களில் புதிய சங்கங்கள் கிளம்பின, மறு ஆண்டு கிராக்கோவ் சேர்ந்தது. 1881இல் தொடங்கிய சங்கத்தின் பத்திரிகையும், அந்தோனி துர்ஸ்கி என்ற உடற்பயிற்சி ஆசிரியரின் அயராத உழைப்பும் அதற்குப் பின்னால் இருந்தன. பயிற்சி முறையை ஒழுங்குபடுத்தியவர், பாடநூல் எழுதியவர், பயிற்சியாளர்களை உருவாக்கியவர் அவர். இயக்கங்களின் வரலாற்றில் பேச்சாளர்களுக்குச் சிலை கிடைக்கிறது. வேலை செய்தவர்கள் துர்ஸ்கி மாதிரி ஆட்கள்.

சொகூவுக்கென்று ஒரு தனிமொழியே உருவானது. கிளைக்குப் பெயர் கூடு. பெரிய கூட்டம் என்றால் ‘ஸ்லொத்’, பறவைகள் ஒன்றாகப் பறந்துவந்து இறங்குவது என்று பொருள். உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் ‘த்ரூஹ்’, தோழர், என்று அழைத்தார்கள், பெண்ணென்றால் ‘த்ரூஹ்னா’. பிரபு, துரை என்ற விளிகள் ஆழமாக ஊறிய ஒரு சமூகத்தில் வழக்கறிஞரும் செருப்புத் தைப்பவரும் இப்படி அழைத்துக்கொள்வது சாதாரணமல்ல. ‘ச்சோவெம்!’ என்பது வணக்கச் சொல். நெற்றியால் வணங்குகிறேன் என்ற பழைய பொருளிலிருந்து வந்தது. இன்றும் போலந்து ராணுவ அணிவகுப்பில் வீரர்களை அதே சொல்லால்தான் வாழ்த்துகிறார்கள். சீருடையாகச் சாம்பல் நிற மேலங்கி, சிவப்புச் சட்டை, ராஜாளி இறகு செருகிய தொப்பி.

பயிற்சிகளில் இணைக்கம்பி, கிடைக்கம்பி, வளையம், தாண்டுகுதிரை, மனிதக் கோபுரம், ஈட்டி வீச்சு எல்லாம் உண்டு. கர்லாக்கட்டையும் உண்டு. ஐரோப்பிய உடற்பயிற்சிக் கூடங்களுக்குக் கர்லாக்கட்டை போனது இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தார் வழியாக. நம் ஊர்த் தேகப்பயிற்சிச் சாலைகளில் சுழன்ற கட்டையின் தூரத்து உறவு ஒன்று ராஜாளி இறகுத் தொப்பிக்காரர்களின் கையிலும் சுழன்றது என்று நினைத்தால் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

ஆனால் என்னைக் கேட்டால் சொகூவின் உயிர் கட்டடங்களில் இருந்தது. ஒவ்வொரு கூடும் சொந்தக் கூடம் கட்ட ஆசைப்பட்டது. உறுப்பினர் சந்தா, நன்கொடை, நாடகம் போட்டு வசூலித்த காசு என்று சேர்த்து ஊர் நடுவில் எழுப்பினார்கள். பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி, மாலையில் உறுப்பினர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை நாடகம், சொற்பொழிவு, நடனம், பாட்டுக் கச்சேரி. தனக்கென்று ஓர் அரசு இல்லாத மக்களுக்கு, தங்கள் மொழியில் தலைவரைத் தேர்ந்தெடுக்கவும், வரவுசெலவுக் கணக்குக் கேட்கவும், தீர்மானம் போடவும் ஓர் இடம் கிடைத்தது. விதிமுறையில் நாட்டு விடுதலை பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

விளையாட்டுத் துறைக்கு அது என்ன செய்தது என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று. 1894 ஜூலை 14 அன்று ல்வூஃபில் சொகூவின் இரண்டாவது பெருங்கூட்டம். எட்முந்த் செனார் என்ற ஆசிரியர் அதற்கு முன்பே இங்கிலாந்திலிருந்து ஒரு கால்பந்தைக் கொண்டுவந்து விளையாட்டை அறிமுகப்படுத்தியிருந்தார். கூட்டத்தின் இடையில் ல்வூஃப் அணியும் கிராக்கோவ் அணியும் மோதின. ஆறாவது நிமிடத்தில் விவோத்ஸிமியெஷ் ஹோமித்ஸ்கி என்ற இளம் மாணவன் பந்தை உள்ளே தள்ளினான். நடுவர் உடனே ஆட்டத்தை நிறுத்திவிட்டார். காரணம், அடுத்த நிகழ்ச்சியான உடற்பயிற்சிக் காட்சிக்குத் திடல் வேண்டும்! போலிஷ் கால்பந்து வரலாற்றில் பதிவான முதல் ஆட்டம் இந்த ஆறு நிமிடம்தான். பந்தாட்டம் வெறும் பொழுதுபோக்கு, கூட்டுப்பயிற்சிதான் முக்கியம் என்று நினைத்தவர்கள் தங்கள் பேரப்பிள்ளைகளின் காலத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரே சொகூவ் என்று பேசுவது வசதி. உண்மையில் மூன்று பேரரசுகளின் மூன்று சட்டங்களுக்கு ஏற்ப மூன்று சொகூவ்கள் இருந்தன. மேலே சொன்னது ஆஸ்திரியப் பகுதி. பிரஷ்யப் பகுதியில் 1884இல் இனோவ்ரொத்ஸ்வாவ் ஊரில் முதல் கூடு, இரண்டு ஆண்டுகளில் பிட்கோஷ்ச், போஸ்னான் நகரங்களில் கூடுகள். அங்கே பள்ளியில் போலிஷ் மொழிக்கு இடமில்லை, நிலத்தை ஜெர்மானியருக்கு மாற்ற அரசே பணம் ஒதுக்கியது. போலீஸ் சொகூவை அரசியல் சங்கமாகவே நடத்தியது. கூட்டங்களில் அதிகாரி வந்து உட்காருவார். 1908இல் வந்த சங்கச் சட்டம் பொதுக்கூட்டங்களில் ஜெர்மன் அல்லாத மொழிகளைக் கட்டுப்படுத்தியது. உடற்பயிற்சிக் கூடத்தில் இட்ட கட்டளைகள் அப்போதும் போலிஷ் மொழியிலேயே ஒலித்தன. வேலை தேடி மேற்கு ஜெர்மனியின் ரூர் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போன போலிஷ் தொழிலாளர்கள் அங்கேயும் கூடு கட்டினார்கள். அவர்களைக் கண்காணிப்பதற்கென்றே 1909இல் போஹும் நகரில் தனி அலுவலகம் திறந்தார்கள் என்றால் அந்தத் தொழிலாளர் சங்கங்களை அரசு எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டது என்பது புரியும்.

ரஷ்யப் பகுதியில் கதை சுருக்கம். 1905 புரட்சியின் அமளியில் அனுமதி கிடைத்தது, 1906இல் பறிபோனது. அதன் பிறகு அங்கே மறைவாக நடந்தது. ‘ரகசியச் சங்கம்’ என்ற சித்திரம் ஓரளவு பொருந்தும் இடம் அது ஒன்றுதான்.

இனி விழா மலர்கள் விட்டுவிடும் பகுதிக்கு வருகிறேன். ல்வூஃப் போலிஷ் மக்கள் மட்டும் வாழ்ந்த ஊர் அல்ல. யூதர்களும் உக்ரைனியரும் அங்கே இருந்தார்கள். சுற்றியிருந்த கிராமங்களில் உக்ரைனியரே பெரும்பான்மை. 1894இல் அதே ல்வூஃபில் வாசில் நகிர்னி தலைமையில் உக்ரைனியர்கள் தங்கள் ‘சொகில்’ சங்கத்தைத் தொடங்கினார்கள். அதே ராஜாளி, அதே கம்பிகள். போலிஷ் தலைமைச் சங்கத்துக்குத் ‘தாய்’ என்று பெயர் என்றால் உக்ரைனியத் தலைமைச் சங்கத்துக்குத் ‘தந்தை’ என்று பெயர். ஒரே நகரத்தில் ராஜாளித் தாயும் ராஜாளித் தந்தையும், ஆனால் ஒரு வீட்டுக்காரர்கள் அல்ல. 1918 நவம்பரில் ல்வூஃப் யாருக்கு என்ற சண்டை தெருத்தெருவாக நடந்தபோது, இரு பக்கமும் துப்பாக்கி ஏந்தியவர்களில் இந்தக் கூடங்களில் வளர்ந்தவர்கள் இருந்தார்கள். ஒடுக்கப்பட்டவர்கள் தமக்கென உருவாக்கும் கருவி, பக்கத்து வீட்டுக்காரருக்கு எதிராகவும் வேலை செய்யும். சொகூவ் நாளடைவில் ரோமான் த்மோவ்ஸ்கியின் தேசிய ஜனநாயக முகாமின் பக்கம் சாய்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த முகாமின் யூத வெறுப்பு ஊரறிந்தது.

1910 ஜூலையில் கிராக்கோவில் நடந்த பெருங்கூட்டம்தான் இயக்கத்தின் உச்சி. 1410 ஜூலை 15 அன்று போலிஷ்-லித்துவேனியப் படைகள் கிருன்வால்ட் களத்தில் ஜெர்மன் டியூட்டானிக் மடப்படையை முறியடித்தன. அதன் ஐந்நூறாவது ஆண்டு நாளில், பியானோ மேதை இக்னாத்ஸி யான் பதெரெவ்ஸ்கி தன் சொந்தப் பணத்தில் எழுப்பிய நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. மூன்று பகுதிகளிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் சொகூவ் தோழர்கள் வந்து குவிந்தார்கள். மரியா கொனோப்னித்ஸ்கா எழுதி ஃபெலிக்ஸ் நோவோவியெய்ஸ்கி இசையமைத்த ‘ரோத்தா’ என்ற சூளுரைப் பாடல் அன்றுதான் மக்கள் முன்னிலையில் ஒலித்தது. போலிஷ் மக்களுக்கு அது இன்றும் இரண்டாவது தேசிய கீதம் போல. இத்தனையும் ஆஸ்திரியப் பேரரசரின் மண்ணில், போலீஸ் அனுமதியோடு!

இப்போது சாரணர் கதை. ல்வூஃபில் அந்த்ஷெய் மாவ்கோவ்ஸ்கி என்ற மாணவர் இருந்தார். சொகூவில் செயல்பட்டவர், மதுவும் புகையிலையும் தொடாத ‘எலெவுசிஸ்’ குழுவைச் சேர்ந்தவர், ‘தணல்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட ரகசிய இளைஞர் அமைப்பிலும் இருந்தவர். அந்த அமைப்பின் ராணுவப் பயிற்சிக்கு ஒருநாள் தாமதமாகப் போனாராம். தண்டனையாக, பேடன்-பவல் சாரணர் பற்றி எழுதிய ஆங்கிலப் புத்தகத்தை மொழிபெயர்க்கச் சொன்னார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மொழிபெயர்க்க உட்கார்ந்தவர் அந்தப் புத்தகத்திலேயே மூழ்கிவிட்டார். 1911 மே மாதம் ல்வூஃபில் முதல் சாரணர் அணிகள் அமைந்தன. சொகூவ் தாய்ச் சங்கம் அவற்றைத் தன் சிறகுக்குள் எடுத்துக்கொண்டது. அக்டோபரில் ‘ஸ்கவுட்’ பத்திரிகை வந்தது. பெண்கள் அணியை நடத்திய ஓல்கா திராஹொனோவ்ஸ்கா பிறகு மாவ்கோவ்ஸ்கியின் மனைவியானார்.

பிரிட்டிஷ் அச்சில் அப்படியே வார்க்காமல் அவர்கள் அதைத் தங்களுடையதாக மாற்றிக்கொண்டார்கள். சாரணனுக்கு ‘ஹார்செஷ்’ என்று பெயர் வந்தது. இரு படைகள் மோதும் முன் அணியை விட்டு முன்னே பாய்ந்து எதிரியைத் தனிச் சமருக்கு அழைக்கும் பழங்கால வீரனைக் குறிக்கும் சொல் அது. புகை, மது கூடாது என்ற விதி எலெவுசிஸ் தந்தது. தோழர் என்ற விளி சொகூவ் தந்தது. மாவ்கோவ்ஸ்கி நீண்ட நாள் வாழவில்லை. அமெரிக்கா போனார், கனடா நாட்டுப் படையில் சேர்ந்தார், பிறகு போலிஷ் படைக்கு வந்தார். 1919 ஜனவரியில் அவர் சென்ற கப்பல் மெஸ்ஸினா நீரிணை அருகே கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. முப்பது வயதுதான். போலந்து விடுதலை பெற்று அப்போது இரண்டு மாதம்.

படையா என்ற உங்கள் கேள்விக்கு நேர்விடை 1912இல் தொடங்குகிறது. பால்கன் போர் மூண்டதும், ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் மோதலாம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. சொகூவ் தன் கூடங்களில் வெளிப்படையாகவே களப்பயிற்சி அணிகளை அமைத்தது. ஆஸ்திரிய ராணுவத்திலிருந்து விலகிய பீரங்கிப் படை அதிகாரி யூசெஃப் ஹாலர் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர். விடுதலைப் போராட்டத் தலைவர் யூசெஃப் பிவுசுத்ஸ்கியின் துப்பாக்கிச் சங்கங்கள் போட்டிக்கு இருந்தன, இரு தரப்புக்கும் ஆகாது. 1914இல் போர் வந்ததும் சொகூவ் ஆட்களை முதுகெலும்பாகக் கொண்டு ல்வூஃபில் ‘கிழக்கு லெஜியன்’ என்ற போலிஷ் தன்னார்வப் படை அமைந்தது. அது ஒரு துப்பாக்கிக் குண்டுகூடச் சுடாமல் கலைந்தது. ஆஸ்திரியப் பேரரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததுதான் காரணம். அரை நூற்றாண்டுப் பயிற்சிக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு இப்படி முடிந்ததை நகைப்பதா, மெச்சுவதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

பலன் கிடைத்தது யாரும் எதிர்பாராத இடத்தில். சிகாகோவில் 1887இலேயே ஃபெலிக்ஸ் பியெத்ரோவிச் முதல் அமெரிக்கக் கூட்டைத் தொடங்கியிருந்தார். இறைச்சித் தொழிற்சாலையிலும் இரும்பாலையிலும் உழைத்த போலிஷ் தொழிலாளர்கள் மாலையில் சங்கத்துக்கு வந்தார்கள். 1917 ஜனவரியில் 23 தோழர்கள் அதிகாரிப் பயிற்சிக்காக டொரோண்டோ அனுப்பப்பட்டார்கள். ஏப்ரல் 4 அன்று பிட்ஸ்பர்க்கில் கூடிய சொகூவ் மாநாட்டில் பதெரெவ்ஸ்கி, ஒரு லட்சம் பேர் கொண்ட போலிஷ் படை வேண்டும் என்று பேசினார். இரண்டு நாளில் அமெரிக்கா போரில் இறங்கியது. ஜூனில் பிரான்ஸ் தன் மண்ணில் போலிஷ் படை அமைக்க ஆணையிட்டது. ஒன்டாரியோவின் நயாகரா-ஆன்-த-லேக் சிற்றூரில் முகாம் எழுந்தது. அதில் பயின்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்தார்கள். 1918 இன்ஃப்ளூயன்ஸா கொள்ளைநோயில் இறந்த தோழர்களின் கல்லறைகள் அந்த ஊர் மயானத்தில் இன்றும் இருக்கின்றன.

அந்தப் படைக்கு நீலப்படை என்று பெயர், பிரெஞ்சுச் சீருடையின் நிறத்தால். அதன் தளபதி யார் தெரியுமா? களப்பயிற்சி கொடுத்த அதே ஹாலர். போஸ்னானில் 1918 டிசம்பர் 26 அன்று பதெரெவ்ஸ்கி வந்திறங்கினார். மறுநாளே ஜெர்மன் ஆட்சிக்கு எதிரான எழுச்சி வெடித்தது. சொகூவ் தோழர்கள் அங்கே மக்கள் காவல் அணிகளில் முன் நின்றார்கள். முகவரி தெரியும், கட்டளை தெரியும், ஒருவரை ஒருவர் தெரியும். புதிதாக எதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை.

விடுதலைக்குப் பிந்தைய காலத்தில் சொகூவுக்குப் பழைய அவசியம் போய்விட்டது. 1919இல் மூன்று பகுதிச் சங்கங்களும் ஒன்றாயின, பின்னாளில் ஆதம் ஸமோய்ஸ்கி பிரபு தலைவராக இருந்தார். ஆனால் ராணுவம் இருக்கிறது, பள்ளிகளில் உடற்கல்வி இருக்கிறது, கால்பந்து மைதானம் ஈர்க்கிறது. 1926இல் பிவுசுத்ஸ்கி ஆட்சியைக் கைப்பற்றிய பின் அரசின் அன்பு அவருடைய துப்பாக்கிச் சங்கத்தின் மேல் இருந்தது. என்றாலும் ஓர் அருமையான கண்டெடுப்பு உண்டு. 1929இல் போஸ்னானில் நடந்த பெருங்கூட்டத்துக்கு அமெரிக்காவின் கிளீவ்லாந்துக் கூட்டிலிருந்து ஒரு பதினெட்டு வயதுப் பெண் வந்து ஓடினார். பெயர் ஸ்தானிஸ்வாவா வலஷியெவிச். 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் போலந்துக்காக நூறு மீட்டரில் தங்கம் வென்றவர் அவரே.

1939இல் நாஜிகள் வந்தார்கள். கூடங்களைப் பறித்தார்கள், சங்கத்தைத் தடை செய்தார்கள். போஸ்னான், பொமரேனியா, சிலேசியா பகுதிகளில் பழைய எழுச்சி வீரர்களோடு சொகூவ் தோழர்களும் தேடிப் பிடித்துக் கொல்லப்பட்டார்கள். பட்டப்பகலில் இயங்கிய சங்கத்துக்கு ஒரு விலை உண்டு: உறுப்பினர் யார் என்று ஊருக்கே தெரியும். கிருன்வால்ட் நினைவுச் சின்னத்தையும் இடித்தார்கள், 1976இல்தான் திரும்பக் கட்டினார்கள். போருக்குப் பின் கம்யூனிஸ்ட் ஆட்சி சொகூவ் மீண்டும் எழ விடவில்லை. 1989க்குப் பிறகு சில ஊர்களில் கூடுகள் திரும்ப வந்தன, சிறியவையாக.

கட்டடங்கள் தப்பின. நோவி சோன்ச் நகரத்தில் சொகூவ் கட்டிய கூடம் இன்று கலைப் பண்பாட்டு மையம். வேறு ஊர்களில் நாடக அரங்காகவும் திரையரங்காகவும் இருப்பவை உண்டு. அமெரிக்காவில் சங்கம் தொடர்ச்சி அறாமல் இருக்கிறது, தலைமையகம் இன்றும் பிட்ஸ்பர்க் பகுதியில்தான். ஒரு லட்சம் பேர் கொண்ட படைக்கு அழைப்பு ஒலித்த அதே சங்கம், இப்போது உறுப்பினர்களுக்கு ஆயுள் காப்பீட்டுப் பாலிசி கொடுக்கிறது, பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி நடத்துகிறது.